பால் காணாத இடங்கள்: டூன் தொடரின் தீர்க்கதரிசனமும் அடுத்த பாகங்களும்

நகரி, ஏகாம்பரகுப்பம் பக்கத்து நண்பர்களாகிய நீங்கள் உங்களுக்குள் நடத்திவரும் வாதத்தை இரண்டு கேள்விகளாகச் சுருக்கி எனக்கு அனுப்பியிருக்கிறீர்கள். டூன் என்னும் அறிவியல் புனைகதையின் நாயகன் பால் அட்ரெய்டீஸ் உண்மையிலேயே முன்னறிவிக்கப்பட்டவனா, அல்லது அந்தத் தீர்க்கதரிசனமே கட்டிவிடப்பட்ட பொய்யா என்பது முதல் கேள்வி. 2026 டிசம்பர் 18 அன்று வெளியாகும் என அறிவிக்கப்பட்டுள்ள மூன்றாவது படத்திற்குப் பிறகு இந்தக் கதை எங்கே போகும் என்பது இரண்டாவது. உங்களில் ஒரு சாரார், சொன்ன அடையாளங்கள் அத்தனையும் பலித்திருப்பதால் பால் மெய்யான இரட்சகனே என்றும், ஆகவே அடுத்த படங்களில் அவனுடைய ஆட்சி ஓங்கும் என்றும் சொல்கிறீர்கள். மற்றொரு சாரார், எல்லாம் பெனி ஜெசரிட் என்னும் பெண்கள் அமைப்பின் சூழ்ச்சி என்பதால் மூன்றாவது படத்தில் குட்டு உடைந்து கதை முடிந்துவிடும் என்கிறீர்கள். இரு தரப்பாரும் தீர்க்கதரிசனத்தை அடுத்து நடக்கப்போவதற்கான துப்பாக எடுத்துக்கொள்கிறீர்கள் என்பதுதான் என் ஆட்சேபம். ஃபிராங்க் ஹெர்பர்ட் எழுதிய 6 நாவல்களில் ஒவ்வொன்றும், முன்னறியும் கண்ணுக்குப் படாமல் போன ஓர் இடத்திலிருந்தே வளர்கிறது. எது காணப்பட்டது என்பதை விட்டுவிட்டு, எது காணப்படவில்லை என்று தேடினால் அடுத்த பாகம் தானே தெரியும். நாவல்களைப் படிக்காதவர்களுக்கு ஒரு முன்னெச்சரிக்கை: கீழே கதை முழுவதும் வெளிப்படும்.

முதலில் இரண்டு பொருள்களைப் பிரித்துவிட வேண்டும். அராக்கிஸ் என்னும் பாலைவனக் கோளில் வாழும் ஃபிரெமன் மக்களிடையே வழங்கும் ஐதிகம் ஒன்று. பாலுக்கு வாய்த்த முன்னறியும் ஆற்றல் வேறொன்று. வெளியுலகிலிருந்து ஒரு பெனி ஜெசரிட் தாயும் அவள் மகனும் வருவார்கள், அந்த மகன் தங்களை விடுவிப்பான் என்பது ஐதிகம். இதைப் பல தலைமுறைகளுக்கு முன்பே அராக்கிஸ் கோளில் விதைத்துவிட்டுப் போனது, பெனி ஜெசரிட் அமைப்பின் கிளையான மிஷனாரியா புரொடெக்டிவா. பின்தங்கிய கோள்களில் என்றாவது தங்கள் பெண்ணொருத்தி ஆபத்தில் சிக்கினால், அங்குள்ள மக்களின் நம்பிக்கையையே அவள் கேடயமாகப் பிடித்துக்கொள்ளலாம் என்பதுதான் அதன் நோக்கம். இதை நாவல் மூடி மறைப்பதில்லை. பாலின் தாய் ஜெசிகா அராக்கிஸில் கால் வைத்த சிறிது காலத்திலேயே, இங்கே விதை விழுந்திருக்கிறது என்று கண்டுகொள்கிறாள். வாசகருக்கும் அப்போதே தெரிந்துவிடுகிறது. ஆகவே மூன்றாவது படத்தில் குட்டு உடையும் என்று காத்திருப்பதில் பொருளில்லை. அது முதல் நாவலின் தொடக்கத்திலேயே உடைந்து கிடக்கிறது.

ஐதிகம் எப்படிப் பலிக்கிறது என்பதற்கு நாவலில் ஒரு காட்சி உண்டு. வீட்டு வேலைக்கு வந்த மேப்ஸ் என்னும் ஃபிரெமன் பெண் ஒரு கிரிஸ் கத்தியைக் காட்டி, இதன் பொருள் தெரியுமா என்று ஜெசிகாவைக் கேட்கிறாள். உயிரைப் பறிக்கும் ஆயுதம் என்ற கருத்தில் ஜெசிகா பேசத் தொடங்கி, பாதி வாக்கியத்தில் இருக்கும்போதே மேப்ஸ் அலறிவிடுகிறாள். ஜெசிகாவின் வாயிலிருந்து அதற்குள் வந்துவிட்ட சொல், மணற்புழுவுக்கு அந்த மக்கள் வைத்திருக்கும் புனிதப் பெயராக அமைந்துவிட்டது. கேட்டவளுக்கு அது அடையாளம், சொன்னவளுக்கோ தற்செயல். ஆனால் அடுத்த நொடியே ஜெசிகா அந்தத் தற்செயலைத் தன் பயிற்சியால் இறுகப் பற்றிக்கொள்கிறாள். அந்தத் தருணத்திலிருந்து ஐதிகம் பொய் என்று சொல்வதும் கடினம், மெய் என்று சொல்வதும் கடினம். அது வேலை செய்யத் தொடங்கிவிட்டது என்று மட்டுமே சொல்லலாம்.

நம் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை. கடப்பை மாவட்டத்துப் பிரம்மங்காரி மடத்தில் சமாதி கொண்ட போத்துலூரி வீரபிரம்மேந்திர சுவாமியின் காலஞானம் என்னும் தீர்க்கதரிசன வாக்குகளை வீட்டுப் பெரியவர்கள் வாயால் கேட்காதவர்கள் சித்தூர்ச் சீமையில் குறைவு. நாட்டில் எது புதிதாக நடந்தாலும், பிரம்மங்காரு அன்றே சொன்னார் என்ற பேச்சு தெலுங்கிலும் தமிழிலும் உடனே எழும். யாகந்தி நந்தி வளர்ந்துகொண்டே வருகிறது, கலியுக முடிவில் எழுந்து குரலெழுப்பும் என்பதும், சுவாமியே வீரபோக வசந்தராயராகத் திரும்பி வருவார் என்பதும் அப்படிப் பரவிய செய்திகள். அவர்மீது உள்ள பக்தியைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை; கேட்பவர்கள் வாசிக்கும் முறையைப் பற்றியே சொல்கிறேன். நிகழ்ச்சி முதலில் வருகிறது, அதற்கேற்ற வரி பிறகு கண்டெடுக்கப்படுகிறது. பொருந்தாத வரிகளை யாரும் எண்ணி வைப்பதில்லை. ஃபிரெமன் தலைவன் ஸ்டில்கர் படத்தில் செய்வதும் இதையேதான்: பால் தன்னை இரட்சகன் என்று ஒப்புக்கொண்டாலும் அது அடையாளம், மறுத்தாலும் அந்தப் பணிவே அடையாளம். அரங்கில் சிரித்துவிட்டு வெளியே வந்து, நாவலின் ஒவ்வொரு வரியையும் அடுத்த படத்துக்கான குறியாக வாசிக்கும் ரசிகரும் அதே பாயில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

இடையில் ஒரு செய்தி. என்.டி.ராமராவ் தாமே இயக்கிப் பிரம்மங்காருவாக நடித்த படம் வெளிவந்தது 1984-இல். டேவிட் லிஞ்சின் டூன் படம் வெளிவந்ததும் அதே ஆண்டு டிசம்பரில்தான். லிஞ்சின் படம் முடியும்போது பால் அராக்கிஸில் மழையை வரவழைக்கிறான். அற்புதம் நிகழ்ந்துவிட்டது, அவன் மெய்யாகவே தெய்வப்பிறவி என்று படம் முடிகிறது. ஹெர்பர்ட்டின் கதைப்படி மணற்புழுவுக்குத் தண்ணீர் நஞ்சு. புழு இல்லையென்றால் மெலாஞ்ச் என்னும் மசாலாப் பொருள் இல்லை. அது இல்லையென்றால் விண்வெளிப் போக்குவரத்தே நின்றுபோகும். தீர்க்கதரிசனத்தை அப்படியே மெய்யாக்கிக் காட்ட முயன்ற படம் கதையின் அச்சாணியைத்தான் கழற்றியது. உங்களில் முதல் தரப்பாருக்கு என் பதில் இந்த ஒரு காட்சியிலேயே அடங்கியிருக்கிறது.

ஆனால் இரண்டாம் தரப்பாரும் தப்ப முடியாது. ஐதிகம் விதைக்கப்பட்டது என்பதால் பாலின் ஆற்றலும் பொய்யாகிவிடாது. பெனி ஜெசரிட் அமைப்பு பல தலைமுறைகளாகக் குடும்பங்களை இணைத்து, குவிசாட்ஸ் ஹாடெராக் என்ற, முன்னறியும் ஆற்றல் கொண்ட ஒருவனைப் பிறப்பிக்கத் திட்டமிட்டிருந்தது. ஜெசிகா பெண் குழந்தையைப் பெற்று, அவளை எதிரிக் குடும்பமான ஹார்கோனன்களின் வாரிசுக்குக் கொடுத்து, அவர்களுக்குப் பிறப்பவனே அவன் என்பது கணக்கு. கணவனுக்கு நிகரான, பாலின் தந்தை டியூக் லீட்டோவின் ஆசைக்காக ஜெசிகா ஆண் குழந்தையைப் பெற்றாள். வர வேண்டியவன் ஒரு தலைமுறை முன்னதாக, யார் பிடிக்கும் அடங்காதவனாக வந்துவிட்டான். ஆக, கட்டிவிடப்பட்ட ஐதிகத்தின் மேடையில், கட்டுக்கு மீறிப் பிறந்த மெய்யான ஆற்றல் ஒன்று ஏறி நிற்கிறது. இந்த இரண்டின் மோதலில்தான் கதை பிறக்கிறது. ஒன்றை நீக்கினால் மற்றொன்று உப்புச்சப்பற்றுப் போகும்.

அந்த ஆற்றலின் இயல்பும் நாம் நினைப்பதுபோல் எழுதிவைத்த விதியைப் படிப்பதன்று. நகரி மலையுச்சியில் நிற்பவனுக்குத் தொலைவில் உள்ள ஊர் துலக்கமாகத் தெரியும். அடுத்த முகட்டுக்குப் பின்னால் உள்ள பள்ளம் தெரியாது. பாலின் பார்வையும் அப்படிப்பட்டதே. பல பாதைகள் தெரிகின்றன. சில இடங்கள் மறைந்திருக்கின்றன. அவன் ஒரு முடிவெடுத்த மறுகணமே நிலமே உருமாறுகிறது. 2021-இல் வந்த டெனி வில்நெவின் முதல் டூன் படத்தில், ஜாமிஸ் என்னும் ஃபிரெமன் தனக்குப் பாலைவன வாழ்வைக் கற்பிக்கும் நண்பனாக வருவதைப் பால் கனவில் காண்கிறான். நடந்ததோ, அவனை இவன் கையாலேயே கொல்ல நேர்ந்தது. கனவு பொய்த்துவிட்டது என்று உங்களில் ஒருவர் எழுதியிருந்தீர்கள். அது நடவாமல் போன ஒரு பாதை. அந்தக் கொலையின் வழியாகத்தான் பால் அந்த மக்களில் ஒருவனாகிப் பாலைவனத்தைக் கற்றுக்கொள்கிறான் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இனி, காணப்படாத இடங்களுக்கு வருவோம். முதல் நாவல் 1965-இல் வெளிவந்தது. அதன் முடிவில், பேரரசனின் அவையில் கவுண்ட் ஃபென்ரிங் என்பவனைப் பார்த்ததும் பால் திடுக்கிடுகிறான். தன் எந்தத் தரிசனத்திலும் இவன் முகம் வந்ததில்லையே என்று. இவனும் ஏறக்குறைய குவிசாட்ஸ் ஹாடெராக் ஆகியிருக்க வேண்டியவன், மரபணுக் குறையால் ஆகாமல் போனவன் என்று அப்போது புரிகிறது. ஃபென்ரிங் நினைத்திருந்தால் அங்கேயே பாலைக் கொன்றிருக்கலாம், கொல்ல மறுக்கிறான். முன்னறிபவனை முன்னறிபவன் காண முடியாது என்ற விதி, வெற்றி முழக்கத்தின் நடுவே இப்படி ஓசையின்றி நுழைந்துவிடுகிறது. 2024-இல் வந்த இரண்டாவது படத்தில் ஃபென்ரிங் வரவே இல்லை. என் கணிப்பில் அந்தப் படம் விட்டுவிட்டவற்றுள் பெரியது அதுதான்.

1969-இல் வந்த டூன் மெசையா அந்த விதியையே முழுக் கதையாக்குகிறது. பால் பேரரசனாகி 12 ஆண்டுகள் கழிந்துவிட்டன. அவன் பெயரால் நடந்த புனிதப் போரில் 61 பில்லியன் பேர் மாண்டிருக்கிறார்கள், 90 கோள்கள் உயிரற்றுப் போயிருக்கின்றன என்று அவன் வாயாலேயே கணக்குச் சொல்கிறான். அவனுக்கு எதிராகச் சதி செய்யக் கூடுகிறவர்கள், எட்ரிக் என்னும் விண்கல மாலுமியைத் தங்களோடு சேர்த்துக்கொள்கிறார்கள். மசாலாவில் ஊறிய அவனுக்கும் முன்னறிவு உண்டு என்பதால், அவன் இருக்கும் இடத்தைச் சுற்றி நடப்பது பாலின் கண்ணுக்கு மங்கிவிடுகிறது. பின்னர் ஒரு தாக்குதலில் பாலின் கண்கள் போகின்றன. ஆனாலும் அவன் தடுமாறாமல் நடக்கிறான், எதிரில் இருப்பவரின் ஆடை நிறத்தைச் சொல்கிறான்; ஏனெனில் அடுத்து வரும் ஒவ்வொரு கணத்தையும் முன்பே கண்டிருக்கிறான், அதிலிருந்து இம்மியும் விலகாமல் நடக்கிறான். அவன் பெற்ற வரம் எத்தகைய சிறை என்பதை இதைவிடக் கொடுமையாகச் சொல்ல முடியாது. அவன் காதலி சானி பிரசவத்தில் இறப்பாள் என்பதும் அவனுக்குத் தெரியும். அவனுக்குப் பெயரளவில் மனைவியான இருலான் அவளுக்குக் கருத்தடை மருந்து கலந்து கொடுத்ததை அறிந்தும் அறியாதவன்போல் இருந்தது, அந்த நாளைத் தள்ளிப்போடத்தான்.

இவ்வளவும் கண்டவன் ஒன்றைக் காணவில்லை. பிறக்கப்போவது ஒரு மகள் என்றே அவன் தரிசனம் சொன்னது. பிறந்ததோ இரட்டை: மகள் கனிமா, தாத்தாவின் பெயரைத் தாங்கிய மகன் லீட்டோ. அந்தக் கணத்திலேயே அவன் பார்வை அறுந்து, அவன் உண்மையிலேயே குருடனாகிறான். பிறகு ஃபிரெமன் வழக்கப்படி, கண்ணிழந்தவனாகப் பாலைவனத்துக்குள் தனியே நடந்து போகிறான். தந்தையின் கண்ணுக்குத் தப்பிய அந்த மகனே அடுத்த இரண்டு நாவல்களுக்கும் நாயகன். இனிமேல் தொடர்ச்சியை ஊகிக்க விரும்புபவர்கள், பாலின் தரிசனங்களில் என்ன வந்தது என்று பட்டியல் போடுவதை விட்டுவிட்டு இந்த ஓரிடத்தை நன்றாகப் பார்க்கட்டும்.

மெசையாவும் அதை அடுத்து 1976-இல் வந்த சில்ட்ரன் ஆஃப் டூனும் வெற்றிக்குப் பிறகு ஒட்டவைத்தவை என்று உங்களில் சிலர் கருதுவதையும் இங்கேயே திருத்திவிடலாம். முதல் நாவல் முடிவதற்கு முன்பே இவ்விரண்டின் பகுதிகள் எழுதப்பட்டிருந்தன என்று ஹெர்பர்ட்டே பின்னாளில் எழுதியிருக்கிறார். வீழ்ச்சி என்பது தொடக்கத்திலிருந்தே திட்டத்தில் இருந்தது. முதல் டூனைத் தொடராக வெளியிட்ட அனலாக் இதழின் ஆசிரியர் ஜான் கேம்ப்பெல் மெசையாவை ஏற்க மறுத்துவிட்டார். அது கேலக்ஸி இதழில் வெளிவந்தது. தாம் கொண்டாடிய நாயகன் தோற்பதைப் பார்க்க விரும்பாத முதல் ரசிகர் கேம்ப்பெல்தான் என்று எனக்குத் தோன்றும்.

1981-இன் காட் எம்பரர் ஆஃப் டூனில் கதை தலைகீழாகிறது. மணற்புழுவோடு தன் உடலை இணைத்துக்கொண்ட லீட்டோ 3,500 ஆண்டுகள் ஆள்கிறான். தந்தை கண்டு அஞ்சி ஒதுங்கிய பொற்பாதையை அவன் ஏற்கிறான்: மனித இனம் ஒரே முன்னறிவாளனின் பிடியில் அழிந்துவிடாதிருக்க, முன்னறிவுக்கே அகப்படாத மனிதர்களை உருவாக்குவது. அதன் பலன் சியோனா. லீட்டோவின் பார்வையில் அவள் தடம் தெரியாது. பார்வைக்கு மறைவான அறையொன்றில் வளர்க்கப்பட்ட ஹ்வி நோரீயும் அப்படியே அவனை வந்தடைகிறாள். தீர்க்கதரிசனத்தை ஒழிப்பதற்காகவே தீர்க்கதரிசி கொடுங்கோல் நடத்துகிறான், இறுதியில் தான் காண முடியாதவளின் சூழ்ச்சியாலேயே வீழ்கிறான். அடுத்து வந்த இரண்டு நாவல்களிலும், எந்த முன்னறிவுக்கும் எட்டாத கலங்களில் மனிதர்கள் அண்டமெங்கும் சிதறிப்போய்விடுகிறார்கள். 1985-இல் வந்த சாப்டர்ஹவுஸ், யாருக்கும் தெரியாத வெளிக்குள் ஒரு கலம் பாய்வதோடு முடிகிறது.

தெலுங்குப் பக்கத்து நண்பர்களோடு பேசும்போது, 2024-இல் வந்த கல்கி 2898 ஏடி படத்தை ஒப்பிடுகிறார்கள். அங்கே புராணம் வாக்குக் கொடுத்துவிட்டது. கல்கி பிறப்பார் என்பதில் பார்ப்பவருக்கு ஐயமே இல்லை, எப்படி என்பது மட்டுமே அடுத்த பாகத்துக்கான கேள்வி. அந்தப் பழக்கத்தோடு டூனுக்கு வருபவர் ஏமாறுவார். இங்கே வாக்குறுதி பலிப்பதுதான் விபரீதம்.

இப்போது மூன்றாவது படம். வில்நெவ் நாவலிலிருந்து விலகிய இடங்களே இதில் முக்கியம். நாவலில் சானி பாலின் பக்கத்திலேயே நிற்பவள். படத்தில் அவள் நம்பாதவள், இறுதியில் புழுவேறிப் போய்விடுகிறாள். நாவலில் தங்கை ஆலியா முன்பே பிறந்து, ஹார்கோனன் குடும்பத்தின் தலைவனைத் தன் கையாலேயே கொல்கிறாள். படத்தில் அவள் இன்னும் கருவில் இருக்கிறாள். எனவே சானி எப்படித் திரும்புகிறாள், குழந்தைகளுக்கு எப்படித் தாயாகிறாள் என்பதை இயக்குநர் புதிதாகக் கட்ட வேண்டும். நான் இதைக் குறையாகக் கருதவில்லை. ஐதிகத்தை நம்பாத ஒருத்தி கண்ணெதிரே நிற்கும்போது, நாவலை விளங்கிக்கொள்ளாமல் பாலைக் கொண்டாடியவர்களுக்கும் விஷயம் உறைக்கும்.

மெசையாவோடு தம் பங்கு நிறைவடையும் என்று வில்நெவ் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். வேறு எவரும் சில்ட்ரன் ஆஃப் டூனை எடுக்கலாம். 2003-இல் அது தொலைக்காட்சிக் குறுந்தொடராக வந்ததும் உண்டு. காட் எம்பரரைப் படமாக்குவது மிகக் கடினம். ஒரு பெரும்புழு வண்டியில் படுத்தபடி நானூறு பக்கமும் தத்துவம் பேசுவதை எத்தனை கோடி செலவழித்தாலும் எத்தனை பேர் உட்கார்ந்து பார்ப்பார்கள்? எனக்கு அதுவே ஆறிலும் பிடித்த நாவல் என்பது வேறு. 2024 நவம்பரில் தொடங்கிய டூன்: புரோபெசி தொடர் பாலுக்குப் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முந்தையது, உங்கள் வாதத்துக்கு அதில் தீர்ப்பு இல்லை.

மிகச் சூடாக நீங்கள் சண்டையிடும் ஏழாவது நாவலுக்கு வருகிறேன். ஹெர்பர்ட் 1986 பிப்ரவரியில் மறைந்தார். வங்கிப் பெட்டகத்தில் கிடைத்த கதைச்சுருக்கத்தின் அடிப்படையில் எழுதியதாகச் சொல்லி, மகன் பிரையன் ஹெர்பர்ட்டும் கெவின் ஜே. ஆண்டர்சனும் 2006-இலும் 2007-இலும் இரண்டு நாவல்களைக் கொண்டுவந்தார்கள். சாப்டர்ஹவுஸின் கடைசிப் பக்கங்களில், தப்பியோடும் கலத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் டேனியல், மார்ட்டி என்ற முதிய தம்பதி வருகிறார்கள். இவர்கள் இயந்திர மூளைகள் என்று அந்த நாவல்கள் விடை சொல்லின. மூல நாவலில் அவர்கள் பேசுவதைக் கவனித்துப் படித்தால், தங்களை உருவாக்கிய எசமானர்களிடமிருந்து விடுபட்ட உருமாறிகள், அதாவது ஃபேஸ் டான்சர்கள், என்பது தெளிவாகவே தெரிகிறது. பிறருடைய நினைவுகளை உள்வாங்கும் ஆற்றலை எசமானர்களே கொடுத்தார்கள், அது சேர்ந்து சேர்ந்து இப்படி ஆனது என்று அவர்களே சொல்கிறார்கள். அந்த இயந்திர வில்லன்கள் இருவரும் 2002 முதல் பிரையனும் ஆண்டர்சனும் எழுதிய முன்கதை நாவல்களில் வருபவர்கள். போதாதென்று, பாலின் குடும்பத்து வாள்வீரனான டங்கன் ஐடஹோவே இறுதியான குவிசாட்ஸ் ஹாடெராக் என்று கதையை முடித்துவைக்கிறார்கள். தீர்க்கதரிசியிடமிருந்து மனித இனத்தை விடுவிக்க ஆறு நாவல் எழுதியவரின் கதைக்கு, இன்னொரு இரட்சகனை முடிவாகச் சூட்டுவதை என்னால் ஏற்க இயலவில்லை. விருப்பமிருப்பவர்கள் படிக்கட்டும், மூலத்துக்கு விளக்கம் என்று மட்டும் அதைக் கொள்ள வேண்டாம்.

கடைசியாக, புத்தூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்த சிறு சந்தேகம்: முதல் படத்திலேயே இறந்துபோன டங்கன் ஐடஹோ மூன்றாவது படத்தில் வந்தால் அது ஓட்டை ஆகாதா? ஆகாது. மெசையாவில் ட்லைலாக்ஸு மக்கள் அவனுடைய சடலத்திலிருந்து உருவாக்கிய கோலா, அதாவது இறந்தவனின் உடலிலிருந்து மீண்டும் வளர்த்தெடுக்கப்பட்ட ஒருவன், உலோகக் கண்களோடு, ஹேட் என்ற பெயரில் பாலுக்குப் பரிசாக அனுப்பப்படுகிறான். பாலைக் கொல்லும்படி அவனுக்குள் ஒரு கட்டளை புதைக்கப்பட்டிருக்கிறது. அது சானி இறக்கும் நேரத்தில் விழித்தெழ, அந்த நெருக்கடியிலேயே அவனுடைய பழைய நினைவு முழுவதும் திரும்புகிறது. ஹெர்பர்ட்டின் ஆறு நாவல்களிலும் வரும் ஒரே பாத்திரம் அவன்தான் என்பதால், மெசையாவைப் படம் வருவதற்கு முன் படிக்க எண்ணுபவர்கள் அவனைச் சற்றுக் கவனமாகத் தொடருங்கள்.